இலை பறிக்கப் போன மகாராணி

கூட்டத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது, குரலை எவ்வளவு உயர்த்துவது, கண்ணாடிப் பெட்டியில் சாய்பவரை மனம் நோகாமல் எப்படி விலக்குவது, இவையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். பொறாமையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக வேலை செய்பவருக்கு அது எப்படியும் வரும். நீங்கள் நின்ற அதே இடத்தில் இன்னொருவர் நின்று, நீங்கள் சொன்ன அதே கதையைச் சொல்லி, உங்களைவிடக் கூடுதலாகச் சனத்தைச் சிரிக்க வைப்பார். நீங்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்போது என்ன செய்வது என்று நீங்கள் என்னைக் கேட்டால் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. எனக்கு நடந்ததைத்தான் சொல்லலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எங்கள் அருங்காட்சியகத்துக்குப் பழைய யப்பானைப் பற்றிய ஒரு கண்காட்சி வந்தது. அரசர்களின் சமாதி மேடுகளைச் சுற்றி நட்டுவைத்த களிமண் பொம்மைகள்: குதிரைகள், வீடுகள், வாய் திறந்து பாடும் மனிதர்கள். நடுச் சுவரில் வானத்திலிருந்து எடுத்த ஒரு பெரிய புகைப்படம். நகரத்தின் வீடுகளுக்கு நடுவே சாவித் துவாரத்தின் வடிவில், அகழி சூழ்ந்த, காடு மூடிய ஒரு மேடு. அது நின்டோகு என்ற பேரரசருடைய சமாதி என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. உள்ளே தோண்டிப் பார்க்க விடுவதில்லை. அந்தப் பெயரில் ஓர் அரசர் இருந்தாரா, இருந்தால் நூல்கள் சொல்வதில் எவ்வளவு அவருடையது என்று கேட்டால் அறிஞர்கள் தோளைக் குலுக்குவார்கள். பாதி வரலாறு, பாதி கதை.

அந்தப் பாதிக் கதையில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நின்டோகு ஒரு நாள் மலையில் ஏறி நாட்டைப் பார்த்தார். எந்த வீட்டிலிருந்தும் புகை எழவில்லை. சமைக்க ஒன்றும் இல்லாததால் சனங்கள் அடுப்பு மூட்டவில்லை என்று அவருக்கு விளங்கியது. வரியையும் அரசருக்காகச் செய்யும் கட்டாய வேலையையும் நிறுத்தினார். அரண்மனைக் கூரை ஒழுகியது, அதையும் திருத்த விடவில்லை. பிறகு ஒரு நாள் மலையேறிப் பார்த்தால் நாடு முழுவதும் புகை. நான் இதைச் சொல்லும்போது "புகை" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். சனம் மூச்சுவிடாமல் நிற்கும். வாசலில் காவலுக்கு நிற்கும் ஜமேக்கா நாட்டு மனிதர்கூட அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து நிற்பார். அது என் கதை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் மைதிலி வேலைக்கு வந்தாள்.

சென்னைப் பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். கணினி நிறுவனம் ஒன்றுக்காக ஒசாகாவில் சில வருடங்கள் இருந்தவள். யப்பானிய மொழி பேசுவாள், வாசிப்பாள். கனடாவுக்கு வந்த பிறகு கணினி வேலை அலுத்துப்போய் இங்கே ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் தட்டித் தடவி வாசித்ததை அவள் மூலத்தில் வாசித்திருந்தாள். முதல் வாரமே, ஊழியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க டூர்ல நின்னேன். அந்தப் புகை கதை சூப்பர். ஆனா நீங்க ராணியைப் பத்திச் சொல்லவே இல்லையே?"

"எந்த ராணி?"

"இவானோஹிமே. நின்டோகுவோட பட்டத்து ராணி. அவங்க பொறாமை அங்க ரொம்ப ஃபேமஸ்க்கா. விருந்துக்கு இலை பறிக்க ராணி கடல் தாண்டிப் போயிருக்காங்க. அந்த நேரம் பாத்து ராஜா இன்னொருத்தியை அரண்மனைக்குக் கூட்டிட்டு வந்துட்டார். திரும்பி வர்ற வழியில, கப்பல்லயே ராணிக்குச் சேதி வந்துருச்சு. பறிச்ச இலை அத்தனையையும் கடல்ல வீசிட்டாங்க. துறைமுகத்துல இறங்கவே இல்ல. அப்படியே ஆத்து வழியா மேல போயிட்டாங்க."

எனக்கு அந்தக் கதை கொஞ்சம் தெரியும். இரண்டு வரியில் எங்கோ வாசித்துவிட்டு, பெரிய விடயமில்லை என்று தள்ளியிருந்தேன். அவள் அதற்கு மேலும் நிறையச் சொன்னாள். நான் கேட்காததுபோல் தேநீரைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து மைதிலியின் சுற்றில் இடம் கிடைக்காமல் போனது. புகைக் கதையை அவளும் சொல்வாள், என்னளவு நிறுத்தாமல், ஓட்டமாக. பிறகு ராணியிடம் வருவாள். "நாட்டுல எல்லார் வீட்டு அடுப்பும் எரியுதான்னு மலை ஏறிப் பாத்த மனுஷன், தன் வீட்ல என்ன எரியுதுன்னு பாக்கல" என்பாள். அறையே சிரிக்கும். அந்த வரி எனக்கு ஏன் வரவில்லை என்று நான் எத்தனை நாள் யோசித்திருப்பேன். பஸ்ஸில் யோசித்தேன். அஜின்கோர்ட்டில் இறங்கி மரக்கறி வாங்கும்போது யோசித்தேன். வீட்டில் என் கணவர், "என்னப்பா, அந்த இந்தியப் பிள்ளையைப் பற்றி இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை, சுகமில்லையோ?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. வரவேற்பு மேசையில் வருபவர்கள், "அந்த யப்பானிய மொழி தெரிந்த பெண் எத்தனை மணிக்கு?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் புன்னகையோடு நேரத்தைச் சொல்வேன். ஜமேக்காக்காரர் இப்போது அவளுடைய நேரத்தில்தான் உள்ளே வந்து நின்றார். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கூடுதலாகச் சுட்டது.

இதற்கிடையில் இன்னொன்று. ஆசியப் பிரிவுக்கு நிரந்தரமான தலைமை வழிகாட்டி ஒருவரை எடுக்கப் போகிறார்கள் என்று எங்கள் பிரிவின் தலைவி சொல்லியிருந்தார். பெயர்கள் இரண்டு. ஒன்று என்னுடையது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஒரு சுற்று ஏற்பாடாகியிருந்தது. ஸ்காபரோ, மார்க்கம், ஸ்ரௌவ்வில் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுகளை வாசலில் கொடுத்துவிட்டு, சேலையும் சுவெற்றருமாகப் பெண்கள் உள்ளே வந்தார்கள். மைதிலி முன்னால் நின்று சொல்ல வேண்டும், நான் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைவி முடிவு செய்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சனம் நிறைந்த கூட்டத்துக்கு என்னை விட்டுவிட்டு அவளைப் போட்டதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விடயம் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய மனிதர், கூட்டம் சிரிக்கும்போது சிரிக்கிறவர்களைப் பார்க்காதே என்பார். எப்போதும் யாரோ ஒருவர் சிரிக்காமல் நிற்பார். அவரைத் தேடு. அவருக்குக் காது கேட்கவில்லையா, மொழி விளங்கவில்லையா, தலை சுற்றுகிறதா, அல்லது நீ சொன்னது எங்கேயோ பட்டுவிட்டதா என்று பார். முன்னால் நிற்பவருக்கு அது கடினம். சிரிப்பு அவரை நோக்கி வருகிறது, கண் கூசும். பின்னால் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

மைதிலி ராணியின் கதைக்கு வந்தாள். விருந்துக்கு இலை பறிக்கப் போனது என்றதும் எங்கள் சனத்துக்கு உடனே பிடித்துக்கொண்டது. இலையில் சாப்பிட்டுப் பழகிய கூட்டம். இலைகளைக் கடலில் கொட்டிய இடத்தில் முன்வரிசையில் நின்ற ஒருவர், ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும், நல்ல கோட் சூட், சத்தமாகச் சொன்னார்.

"பிள்ளை, உந்த மகாராணியைப் பாக்க யப்பானுக்குப் போகத் தேவையில்லை. எங்கடை வீட்டிலையும் ஒண்டு இருக்கு. நான் குளிக்கப் போனா என்ரை ஃபோனை எடுத்துப் பாக்கிறவ!"

சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்ற மனைவியைக் கையால் காட்டினார். கூட்டம் சிரித்தது. மைதிலி ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"அப்படின்னா சார், மேடத்தை மட்டும் இலை பறிக்க வெளியூர் அனுப்பிடாதீங்க!"

அறை அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, இவ்வளவு வேகமாக எனக்கு வந்திருக்காதே என்று நெஞ்சுக்குள் ஒரு குத்து. அந்தக் குத்தோடுதான் பழக்கத்தில் கண் போய்த் தேடியது. அந்த மனைவி சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. யாரோ திடீரென்று அவருடைய வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டது போன்ற ஒரு பார்வை. சுவெற்றரை இழுத்து மூடிக்கொண்டு, ஆட்களுக்கு நடுவால் மெல்ல வெளியே போனார். கணவர் அடுத்த பகிடிக்காக மைதிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனதில் முதலில் வந்தது, "இப்ப விழுந்தாய், மைதிலி" என்பதுதான். அதை உங்களிடம் மறைத்து என்ன பயன்? ஆனால் கால் நின்று யோசிக்கவில்லை. மைதிலிக்குக் கை காட்டிக் கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பெண் எல்லோருடைய பார்வையிலும் இரண்டாம் முறை நிற்க வேண்டியிருக்கும். மைதிலியைச் சொல்ல விட்டுவிட்டு நான் வெளியே ஓடினேன்.

அவர் கோட்டை எடுக்கவில்லை. அருங்காட்சியக வாசற்படியில், பனிக்குள், செருப்புப் போன்ற மெல்லிய சப்பாத்தோடு நின்றார். நான் ஊழியர் அறையிலிருந்து என் கோட்டை எடுத்துப் போய்ப் போர்த்தினேன். மறுக்கவில்லை. பக்கவாசலில் பாடசாலைப் பிள்ளைகள் சாப்பிடும் அறை ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாக இருக்கும். அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

பெயர் ஜெயந்தி என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதச் சம்மதித்தவர் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே கதைத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாதுதானே, அக்கா?"

"தெரியாது. சத்தியமா உங்களை இண்டைக்குத்தான் காணுறா."

"அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு ஊருக்குப் போனனான். எல்லாம் முடிச்சு வர ரெண்டு மாசமாச்சுது. வந்து பாத்தா..." அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. "நான்தான் சந்தேகக்காரி எண்டு இப்ப ஊருக்கெல்லாம் பகிடி. ஃபோனைப் பாக்கிறன் எண்டு சொன்னவரே, ஃபோனிலை என்ன கிடந்தது எண்டு சொன்னவரோ?"

பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மகாராணி பேந்து வீட்டை போனவவோ?"

நான் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அமைச்சர்கள் கேட்டிருக்கிறார்கள், பேராசிரியர்கள் மடக்கியிருக்கிறார்கள். அப்படித் திணறியதில்லை. போனாள் என்று சொன்னால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி அந்த மனிதரோடு போய்விடக்கூடும். போகவில்லை என்றால் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். இது வெறும் கதை, அப்படி ஒருத்தி இருந்ததே நிச்சயமில்லை என்று சொல்லித் தப்பலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் அது ஒரு கோழைத்தனமான உண்மை. எதிரில் இருப்பவருடைய முகத்தைப் பார்த்துக் கதையின் முடிவை மாற்றுவது எங்கள் வேலை இல்லை, பிள்ளைகளே. முடிவு என்னவென்று சரியாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் வேலை.

எனக்கு அது தெரிந்திருந்தது. எப்படி? அன்று ஊழியர் அறையில் நான் கேட்காததுபோல் கேட்டதனால். என் வாயிலிருந்து வரப்போவது மைதிலி தந்தது என்பது, அந்த இக்கட்டிலும் என்னை உறுத்தியது.

"முதல் ஒண்டு சொல்ல வேணும். இது நான் கண்டுபிடிச்சதில்லை, அந்தப் பிள்ளை வாசிச்சுச் சொன்னது" என்றேன். "இதைப் பற்றி ரெண்டு பழைய நூல் இருக்கு. ஒண்டிலை, ராசா அவவைத் தேடிப் போறார். போய்ப் பாட்டெல்லாம் பாடுறார். அதுக்குப் பிறகு வாற கதையிலை அவ திரும்ப அரண்மனையிலை, விருந்திலை நிக்கிறா. எப்ப வந்தா, ஏன் வந்தா எண்டு எழுதேல்லை. மற்றதிலை, ராசா போறார், அவ கதவைத் திறக்கேல்லை. அவளோடை சேந்து நான் ராணியா இருக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, அந்த ஆத்தங்கரை வீட்டிலையே இருந்து, அங்கையே கண்ணை மூடிட்டா."

"எது உண்மை?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப ரெண்டு விதமாயும் இருக்கலாம்" என்றார். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

சுற்று முடிந்து கணவர் கோட்டோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இஞ்சை என்ன செய்யிறாய்? சனமெல்லாம் எங்கை மனுசி எண்டு கேக்குது. எழும்பு, கார் வெளியிலை நிக்குது."

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"பகிடிக்குச் சொன்னதுக்கு இப்பிடியே? நாலு பேருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிறாய்."

"நீங்கள் வாங்கினதை நான் திருப்பித் தாறன். வைச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லிக் குடுத்தனீங்கள் இவவுக்கு?"

அந்த இடத்தில் வாய் துடிக்கும். உங்களுக்கும் துடிக்கும். அடக்குங்கள். அந்தச் சண்டைக்குள் உங்கள் சொல் ஒன்று விழுந்தால், பிறகு அது உங்களுடைய சண்டையாகிவிடும், அந்தப் பெண்ணுடையது அல்ல. நான் அவருக்குப் பதில் சொல்லாமல் ஜெயந்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "உங்களுக்குப் போக இடம் இருக்கோ?"

"ஓம். பிக்கரிங்கிலை தங்கச்சி இருக்கிறா."

தங்கை காரில் வந்து சேரும்வரை நான் கூடவே இருந்தேன். கணவர் போய்விட்டார். போகும் வழியில் வரவேற்பு மேசையில் நின்று முறைப்பாடு செய்துவிட்டுத்தான் போனார்: ஒரு வழிகாட்டி சபையில் வைத்துத் தன்னை அவமானப்படுத்தினாள், மற்றவள் தன் குடும்பத்தைப் பிரித்தாள்.

மறுநாள் பிரிவுத் தலைவி என்னை முதலில் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் பின்னால் நின்றீர்கள். மைதிலி எல்லை மீறினாளா? எனக்கு உங்கள் வார்த்தை போதும்."

யோசித்துப் பாருங்கள். அந்த நிரந்தர வேலைக்கான முடிவு அடுத்த வாரம். ஒரு தலையசைப்புப் போதும். பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. ஒரு விருந்தினரை வைத்துப் பகிடி விட்டாள், ஒரு பெண் கோட்டும் இல்லாமல் பனிக்குள் போய் நின்றாள். இரண்டும் நடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்தால், மிச்சத்தைத் தலைவியே கூட்டிக்கொள்வார். ஜமேக்காக்காரர் மறுபடியும் என் நேரத்துக்கு உள்ளே வந்து நிற்பார். இதெல்லாம் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்த சிறிது நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

"என்ன நடந்தது என்று சொல்கிறேன்" என்று தொடங்கி, அந்தக் கணவர் சொன்னதை அவர் சொன்னபடியே, மைதிலி சொன்னதை அவள் சொன்னபடியே, ஆங்கிலத்தில் சொன்னேன். இலை பறிக்க அனுப்பாதீர்கள் என்ற இடத்தில் தலைவி சிரித்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பார்த்தீர்களா? அறையில் எல்லோரும் இப்படித்தான் சிரித்தோம். நானும்தான். பகிடி அந்த மனிதரைத்தான் குத்தியது, மனைவியை அல்ல. அந்தப் பெண்ணுக்கு அது எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அவருடைய சொந்த விடயம், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். மைதிலிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை."

"அப்படியானால் தவறே இல்லையா?"

"ஒன்று இருக்கிறது. சொல்லிவிட்டு அவள் முகங்களைப் பார்க்கவில்லை. அது எல்லை மீறியது அல்ல. இன்னும் பழகாதது. அதைப் பழகலாம். அந்தப் பகிடியைப் பழக முடியாது, அது அவளிடம் இருக்கிறது."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கசந்தது.

அன்று மத்தியானம் மைதிலி என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அந்த அம்மாவைப் பாக்கவே இல்ல. நெஜமா பாக்கல. அவங்க எதுக்குப் போனாங்க?"

"நீர் எறிஞ்ச கல்லு ஆரோ ஒராளின்ரை வீட்டுக்குள்ளை விழுந்திட்டுது. அவ்வளவுதான் நான் சொல்லலாம். அழாதையும். அடுத்த முறை சிரிக்காத ஆளைத் தேடிப் பாரும்."

"உங்களுக்கு என் மேல கோபமாக்கா?"

கோபமில்லை என்றேன். அது உண்மை. வேறொன்று இருந்தது, அதை அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நிரந்தர வேலை மைதிலிக்குக் கிடைத்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். கேக்கையும் நான்தான் வெட்டிப் பகிர்ந்தேன். நேர்மையாக நடந்துகொண்டால் மனம் இலேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ஆகவில்லை. பொறாமை முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. சில நாள் கூடியும் இருந்தது, ஏனென்றால் இப்போது அவள் சிரிப்பு வரும் இடங்களில் நிறுத்தி, கண்ணைச் சுழற்றி ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அதையும் என்னைவிட நன்றாகச் செய்தாள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பொறாமை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வேலையைச் சரியாகச் செய்யலாம். அது எழும்பிப் போகட்டும் என்று காத்திருந்தால் எதையும் செய்ய மாட்டீர்கள்.

கண்காட்சி முடிவதற்குச் சற்று முன்பு, பனி எல்லாம் போய் மரங்கள் தளிர்த்திருந்த ஒரு சனிக்கிழமை, மைதிலி மறுபடியும் தமிழில் சுற்று நடத்தும் நாள், ஜெயந்தி வந்தார். கூடவே அவரைப் போலவே முகம் உள்ள ஒரு பெண். தங்கைதான். ஜெயந்தி என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு அந்த அறையில் எனக்கும் அவருக்கும் இடையில் நடந்ததைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நானே அவரைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று சாவிக்கொத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"அக்கா, அந்த இந்தியப் பிள்ளை எத்தனை மணிக்குச் சொல்லுறா?"

நான் நேரத்தைச் சொன்னேன்.

"அண்டைக்கு அவ சொல்லி முடிக்க முன்னம் வெளியிலை போயிட்டன். மிச்சத்தை அவவின்ரை வாயாலை கேக்க வேணும் போலை கிடக்கு. குறை நினைக்காதையுங்கோ. அவ சொல்லேக்கை எல்லாம் கண்ணுக்கு முன்னாலை நடக்கிற மாதிரி இருக்கும்."

குறை நினைக்கவில்லை என்றேன்.

அன்று எனக்கு வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மைதிலி ஜெயந்தியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டாள், முகம் ஒரு கணம் வெளிறியது. அதன் பிறகு அவள் சொன்ன கதை நான் அதுவரை கேட்காத விதத்தில் இருந்தது. இலைகள் கடலில் விழுந்த இடத்தில் அவள் யாரையும் சிரிக்கவிடவில்லை. அதற்குப் பின்னால் நடந்ததை மெதுவாகச் சொன்னாள்.

"ராணி ஆத்தங்கரையில ஒரு வீட்ல தங்கிட்டாங்க. ராஜா ஒரு தூதுவரை அனுப்பினார். பெரிய மழை. அவர் முன்வாசலுக்கு வந்தா ராணி பின்வாசலுக்குப் போனாங்க. பின்வாசலுக்கு வந்தா முன்வாசலுக்குப் போனாங்க. அவர் முற்றத்துல முழங்கால் போட்டு உக்காந்துட்டார். தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிருச்சு. அவர் போட்டிருந்தது நீல உடுப்பு, அதுல செவப்பு நாடா. நாடாவோட சாயம் கரைஞ்சு, நீல உடுப்பு முழுக்கச் செவப்பாயிருச்சு. அப்பவும் எழுந்திரிக்கல. அதுக்கப்புறம், கடைசியில, ராஜாவே படகுல வந்தார்."

சொல்லிவிட்டு, இரண்டு நூல்களிலும் உள்ள இரண்டு முடிவுகளையும் சொன்னாள். வாசல் பக்கம் ஜமேக்காக்காரரும் நின்றார், தமிழில் ஒரு சொல்லும் விளங்காமல். ஜெயந்தி பள்ளிப் பிள்ளைபோல் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, ஒரு கேள்வி. ராசா பிறகு தானே வந்தவர்தானே?"

"ஆமாம்மா."

"தானே வரக்கூடிய மனுசன், முதல் ஏன் இன்னொருத்தனை அனுப்பி நனையவிட்டவர்?"

மைதிலி "தெரியலையேம்மா" என்றாள். அவள் கண் கூட்டத்தைத் தாண்டி வந்து பின்னால் நின்ற என்னைத் தேடியது. எனக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"எனக்கும் தெரியேல்லை" என்றார் ஜெயந்தி. "எங்கடை வாசலுக்கும் ஆக்கள் வந்து வந்து போகினம். அவரின்ரை தம்பி வந்தவர், கோயில் ஐயரும் வந்தவர். ஆளை மட்டும் இன்னும் காணேல்லை."

தங்கை சிரித்தார், ஜெயந்தியும் சிரித்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் கைகோர்த்துக்கொண்டு களிமண் குதிரைகளைப் பார்க்கப் போனார்கள்.

நான் அந்த அரசரின் கதையை மாதக்கணக்காகச் சொன்னவள். மைதிலி அதை மூலத்தில் வாசித்தவள். ஒரு தரம் மட்டும் முழுதாகக் கேட்ட ஒரு மனுசிக்கு வந்த அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் ஒரு நாளும் வந்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகு மைதிலி என் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் குதிரைகளுக்கு முன்னால் குனிந்து நின்ற ஜெயந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மைதிலியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. அன்றைக்குத்தான் முதல் முறையாக நாங்கள் இருவரும் ஒரே ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.